சிவப்பா இருக்கறதை மட்டும் மாத்து

ஏனுங் அம்மிணி, அந்தக் கிரைண்டரைச் செத்த அமத்திப்போட்டு வர்றீங்களா? நான் கத்தறது எனக்கே கேக்க மாட்டேங்குது. ஆங், இப்பத்தான் காது தெளிஞ்சுது. சுகந்திங்கறது நீங்கதானுங்களே? வக்கீல் ஞானசபாபதி ஆபீசுல டைப் அடிச்சிட்டு இருந்தவங்க? அப்பச் சரி. ஒண்டிப்புதூர்ல பஸ்ஸை விட்டு எறங்கி, மாவு அரைச்சுக் குடுக்கற வீடு எது, மாவு அரைச்சுக் குடுக்கற வீடு எதுன்னு கேட்டுக் கேட்டு வந்து சேந்தேன். வெய்யல் மண்டையப் பொளக்குது.

நான் கமலவேணி.

பாத்தீங்களா, பேரைச் சொன்னதும் மூஞ்சி மாறுது. அதே கமலவேணிதான். உங்களுக்கு முன்னால அந்தச் சேர்ல பத்தொம்பது வருசம் உக்காந்திருந்தவ. அந்தச் சேருக்கு எடது கால் ஆடும், அட்டைய மடிச்சு அடியில சொருகி வெச்சிருப்பேன், பாத்திருப்பீங்க. அந்த ஞானசபாபதி மேலயே லேபர் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கறவ. உங்க வேலை போனதும் என்ற கேஸ்லதான். அதுக்காகக் கதவைச் சாத்திப்போடாதீங்க, நான் சண்டைக்கு வரல. சாட்சிக்குக் கூப்புட வந்திருக்கறேன்.

கையப் பாக்கறீங்க. பாருங்க, நல்லாப் பாருங்க. வெண்புள்ளி. ஒட்டாது. ஒரு சொம்பு தண்ணி குடுத்தீங்கன்னா குடிப்பேன், அதே சொம்புல நீங்களும் குடிக்கலாம், ஒண்ணும் ஆகாது.

நல்லா இருங்க. ஜில்லுனு இருக்குது. உன்னைய நீன்னே சொல்றேன், என்ற சின்னத் தங்கச்சி வயசுதான் இருப்பே. கண்ணாடி புதுசாட்ட இருக்குது? மூக்குல தடங்கூட இன்னும் விழுகல. எடுப்பாத்தான் இருக்குது.

வியாழக்கெழம வாய்தா. அன்னைக்கு நீ கூண்டுல ஏறி ரெண்டே ரெண்டு விசயம் சொல்லோணும். அந்த ஆபீசுல நீ ஊழியரா வேலை பாத்தே, அது ஒண்ணு. வேலைக்குச் சேத்தறப்ப "இது கமலவேணி பாத்த வேலை"ன்னு சொல்லிச் சேத்துனாங்க, அது ரெண்டு. அவ்வளவுதான். உனக்குச் செரமமே வைக்கல, அபிடவிட்டு நானே அடிச்சுக் கொண்டாந்துட்டேன். இந்தா. உன்ற பேரு, வயசு, வீட்டு நம்பரு இதெல்லாம் சிவப்புல விட்டிருக்கறேன். சிவப்பா இருக்கறதை மட்டும் மாத்துனாப் போதும். நீ படிச்சுட்டே இரு, நான் சொல்லிட்டே இருக்கறேன்.

எனக்கு என்ன வேணும்னு கேப்பே. ஒண்ணே ஒண்ணு. ஒரு சர்வீஸ் சர்ட்டிபிகேட்டு. "கமலவேணி என்பவர் எனது அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் தட்டச்சராகப் பணிபுரிந்தார்." அதைப் பேப்பர்ல எழுதறதுக்கு முன்னால, கூண்டுல நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதர, அவரு வாயால சொல்லோணும். சொல்றப்ப நான் முன் பெஞ்சுல உக்காந்து அவரு மூஞ்சியவே பாத்துட்டு இருக்கோணும். இதை நெனச்சுத்தான் காலைல எந்திரிக்கறேன். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.

நீ அங்க எத்தனை நாள் இருந்தே? நாலு மாசமா? நாலு மாசத்துல உனக்கு அவரு அருமை பெருமை என்ன தெரிஞ்சிருக்கும். கோயமுத்தூர்ல எந்த மில்லுல எந்தத் தொழிலாளியத் தொரத்துனாலும் அவன் நேரா நம்ம படிதான் ஏறுவான். மாசமா இருக்கறாள்னு டீச்சரை நிறுத்துனாங்களா, நம்ம ஆபீசு. கால் ஊனம்னு கண்டக்டரை டிப்போல கூட்டச் சொன்னாங்களா, நம்ம ஆபீசு. போர்டுல என்ன எழுதியிருக்கும்? "உழைப்பவர் பக்கம்." அந்தப் போர்டைத் தெனமும் தொடைச்சது நானு.

அத்தனை மனுவையும் அடிச்சதும் நானுதான். கம்ப்யூட்டர்ல "மாதிரி"ன்னு ஒரு பைலு இருக்கும், தெரியுமல்ல? மாதிரி ஒண்ணு, மாதிரி ரெண்டுன்னு நாப்பத்தாறு வரைக்கும். ஒரு மனு செயிச்சுதுன்னா அதை அப்பிடியே எடுத்து வெச்சுக்கறது. அடுத்தவன் வந்தா பேரை மாத்தி அடிக்கறது. பழைய பேரை மாத்தாம விட்டு மானம் போயிறக் கூடாதுன்னு, மாத்த வேண்டிய எடமெல்லாம் சிவப்புல போட்டு வெக்கற பழக்கத்தைக் கொண்டாந்ததே நான்தான். ஊர்ல இருக்கற வக்கீல் ஆபீசுல எல்லாம் பொன்னுச்சாமி மனுவுல முருகேசன் வருவான், புருசன் பேர்ல மாமனார் வருவாரு. நம்ம ஆபீசுல பத்தொம்பது வருசத்துல ஒரு தப்பு வந்ததில்லை. சாரு என்ன சொல்லுவாரு தெரியுமா? "கமலம் அடிச்சா நான் படிக்கவே மாட்டேன்." படிக்கவும் மாட்டாரு. கையெழுத்து மட்டும் போடுவாரு.

அதை நான் பெருமைன்னு நெனச்சேன். கேனச்சி.

அந்தத் தேவகி கேஸு உனக்குத் தெரிஞ்சிருக்கும். சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்குதே தீர்ப்பு, அதேதான். கொடுமுடியான் ஜவுளி மாளிகைல முகூர்த்தப்பட்டு எடுத்துக் காட்டற பொண்ணு. கையில வெண்புள்ளி வந்துச்சு. மொதலாளி கொண்டு போயி குடோன்ல போட்டான். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வர்றவங்க அந்தக் கையப் பாத்தா மொகம் சுளிக்கறாங்கன்னான். நம்ம சாரு கேஸ் எடுத்து, எட்டே மாசத்துல கிழி கிழின்னு கிழிச்சு, அதே கவுண்டர்ல அவளைக் கொண்டாந்து நிறுத்துனாரு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. சங்கத்துக்காரங்க சால்வை போத்துனாங்க.

அந்த மனுவுல ஒரு வரி வரும். "அவள் தோலில் வந்த புள்ளி அவள் உழைப்பில் வந்த புள்ளி அல்ல." நீதிபதி அதைத் தீர்ப்புலயே எடுத்துப் போட்டாங்க. மேடைக்கு மேடை சாரு அதைச் சொல்லுவாரு. அந்த வரி நான் போட்டது கண்ணு. அவரு சொன்னது "தோல் வியாதியைக் காரணம் காட்டி இடமாற்றம் செய்தது சட்டவிரோதம்." சப்புனு இருக்குதேன்னு நான்தான் அந்த ஒரு வரியச் சேத்தி அடிச்சேன். படிக்காமக் கையெழுத்துப் போட்டாரு. அப்பறம் கோர்ட்டுல படிக்கறப்பத்தான் அவருக்கே தெரிஞ்சுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. தன்னோடதுன்னே நெனச்சுட்டாரு.

எனக்குப் போன வருசம் ஆடி மாசம் வந்துச்சு. மொதல்ல உதட்டோரம் ஒரு பொட்டு. அப்பறம் வெரல் நுனி. டைப் அடிக்கறவளுக்கு வெரல்தானே கண்ணு முன்னால இருக்கும். நாளுக்கு நாள் வெளுக்கறதைப் பாத்துட்டே அடிப்பேன். அழுவேன்னு நெனைக்காதே. எனக்குத் தெகிரியம் என்னன்னா, நான் எங்க வேலை செய்யறேன்? தேவகிக்கு நாயம் வாங்கிக் குடுத்த எடத்துல. எனக்கு என்ன வந்துரும்?

ஒரு நாள் சாரு உள்ள கூப்புட்டாரு. உக்காரச் சொன்னாரு. உக்காரச் சொன்னப்பவே எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. பத்தொம்பது வருசத்துல அந்த ரூமுல உக்காரச் சொன்னதில்லை. "கமலம், கேஸ் குடுக்க வர்ற கட்சிக்காரங்க ஒரு மாதிரியா ஃபீல் பண்றாங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க பின்னாடி ரெக்கார்டு ரூம்ல உக்காந்து பாருங்களேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு மாதிரியா! அந்த வார்த்தையக் கவனி. எந்தக் கட்சிக்காரன் சொன்னான், பேரு என்னன்னு கேட்டேன். சிரிச்சாரு. சரி, அப்பிடியே வெச்சுக்கலாம், என்னைய ரெக்கார்டு ரூமுக்கு மாத்தறதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்னேன். ஏன்னா அவருதான் ஆயிரம் தொழிலாளிக்குச் சொல்லியிருக்கறாரு, எதையும் வாய்ல ஒத்துக்காதே, எழுத்துல கேளுன்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? "நமக்குள்ள என்னம்மா பேப்பர்? நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எத்தனை மொதலாளி இதே வார்த்தைய எழுதிக் குடுத்திருக்கறான்! "இவர் எங்கள் ஊழியர் அல்ல, குடும்பத்தில் ஒருவர் மாதிரி." அதுக்கு நம்ம பதிலு மாதிரி பதினேழுல இருக்குது. "மாதிரி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை." நானே நூறு வாட்டி அடிச்சிருக்கறேன்.

நான் சேரை விட்டு நகரல. மூணாம் நாள் காலைல போனா சேரே இல்லை. பின்னால பாத்ரூம் பக்கத்துல, ஒட்டடைக்கு நடுவால போட்டிருந்தாங்க. அட்டை மட்டும் பழைய எடத்துலயே கெடந்துச்சு. அப்பவே மனு எழுதி மேசை மேல வெச்சேன். படிச்சாரு. அன்னைக்குத்தான் நான் எழுதுனதை மொதல் தடவையா முழுசாப் படிச்சாரு. "இந்த அளவுக்கு வந்துட்டா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்மா"ன்னாரு. கத்தல, திட்டல. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஒரு வாட்டி கத்தியிருந்தாக்கூட மனுசன்னு நெனச்சிருப்பேன்.

ஒரு மணி நேரம் குடுங்க சார், பைலெல்லாம் ஒழுங்கு பண்ணி வெச்சுட்டுப் போயர்றேன்னேன். "அதான் கமலம்"னு சொன்னாரு. பெருமையாச் சொன்னாரு!

கேஸு போட்டேன். எப்பிடிப் போட்டேன் கேளு. தேவகி மனுவ எழுத்துக்கு எழுத்து எடுத்தேன். தேவகி இருந்த எடத்துல கமலவேணி. விற்பனைப் பெண் இருந்த எடத்துல தட்டச்சர். கொடுமுடியான் ஜவுளி மாளிகை இருந்த எடத்துல ஞானசபாபதி. மத்ததெல்லாம் கமா புள்ளி மாத்தல. நோட்டீசு கையில கெடைச்ச அன்னைக்கே போன் பண்ணுனாரு. "கமலம், இது என் எழுத்தும்மா"ன்னாரு. ஆமாங் சார், உங்க எழுத்துக்கு நீங்களே பதில் எழுதுங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். அன்னைக்கு ரெண்டு தட்டு சோறு தின்னேன்.

தொழிலாளிக்கு மட்டுமே எழுதிப் பழகுன ஆபீசு, மொதலாளிக்கு எப்பிடிப் பதில் எழுதும்? மாதிரியே கெடையாதே! ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. தேவகி கேஸ்ல அந்த ஜவுளிக்கடைக்காரன் போட்ட எதிருரை. எதிரி என்ன சொல்லுவான்னு தெரிஞ்சு வெச்சுக்கோணும்னு அதையும் என்னைய அடிச்சு வெக்கச் சொல்லியிருந்தாரு. மாதிரி நாப்பத்தாறு. உன்கிட்ட அந்த ஜூனியர் தினகரன் எடுத்துக் குடுத்தது அதுதான். சரிதானே? காலைல ஒம்பதரைக்குக் குடுத்து, பத்தரைக்குக் கோர்ட்டுன்னு பறந்திருப்பான். நீ அடிச்சே. சாரு படிக்காமக் கையெழுத்துப் போட்டாரு.

நீதான் கோர்ட்டுக்கு வரல. வந்திருக்கோணும் அம்மிணி, கண்கொள்ளாக் காட்சி! நீதிபதியம்மா எதிருரையப் பொரட்டிட்டே வந்தவங்க நிறுத்துனாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மாட்டுனாங்க. அப்பறம் சத்தமாப் படிச்சாங்க. "மனுதாரரின் கைகளைக் கண்டு, எங்கள் கடைக்கு முகூர்த்தப்பட்டு எடுக்க வரும் வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பதால்…" நிமுந்து பாத்து, "ஏனுங்க வக்கீல் சார், எப்ப ஜவுளிக்கடை வெச்சீங்க? சொல்லவே இல்லையே"ன்னாங்க.

கோர்ட்டே சிரிச்சுது! பேரு சொல்லிக் கூப்புடற டவாலி சிரிச்சான், எதுத்த பெஞ்சுல இருந்த மில்லு வக்கீலுங்க மேசையத் தட்டிச் சிரிச்சாங்க. அவருகிட்ட வருசக்கணக்கா தோத்தவங்கல்ல அவங்க? "சார், எங்க ஊட்டுல விசேசம் வருது, தள்ளுபடி உண்டுங்களா"ன்னு ஒருத்தன் கேட்டான். சாரு மூஞ்சி செங்கல்லாட்டச் செவந்துச்சு. அவரு சால்வை வாங்கறப்பெல்லாம் நான் பின்னால நின்னு கை தட்டியிருக்கறேன். அன்னைக்கு ஆசை தீரச் சிரிச்சேன்.

அப்பத்தான் அவரு எந்திரிச்சு அந்த வார்த்தையச் சொன்னாரு. "அம்மா, இது தட்டச்சுப் பிழை. பொறுப்பான ஊழியரை இன்னைக்கே வேலையிலிருந்து நிறுத்திடறேன்."

ஊழியர்! என்ற காதுல தேன் பாஞ்சாப்பல இருந்துச்சு. எதிருரைல அவங்க புதுசாச் சேத்துன ஒரே வரி என்ன? "இவ்வலுவலகத்தில் ஊழியர் என எவரும் இல்லை." நீதிபதியம்மா சும்மா விடுவாங்களா? "ஊழியரே இல்லைன்னு எழுதியிருக்கீங்க, இப்ப யாரை நிறுத்தறீங்க?"ன்னு கேட்டு, அதையும் குறிச்சுக்கிட்டாங்க. வெளிய வந்து பொரி உருண்டை வாங்கித் தின்னேன். எனக்குப் பல்லுக்கு ஆகாது, இருந்தாலும் தின்னேன்.

ஆமா, அன்னைக்குத்தான் உன்னைய நிறுத்துனாங்க. அது தெரியும். பாவம்தான்.

இப்ப அவரு என்ன சொல்றாரு தெரியுமா? அது வாய் தவறி வந்த வார்த்தையாம். நீயும் ஊழியர் இல்லையாம். டைப் பழக வந்த பொண்ணாம். தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு மாதிரியாம். உனக்குப் பத்திக்கிட்டு வர்ல? வரும். வரோணும். அதான் வியாழக்கெழம நீ வேணுங்கறேன். உன்னைய விட்டா எனக்கு ஆளில்லை. தினகரன் வாயத் தொறக்க மாட்டான். நீ வந்தாச் செயிப்பேன், வரலைன்னா பத்தொம்பது வருசமும் அந்த ஆபீசுல நான் சும்மா ஒறம்பரையா விருந்துக்குப் போயிட்டு வந்ததா ஆயிரும்.

என்ன, எங்க நிறுத்திட்டே? எந்த வரி? ஆறாவது பாராவா?

"மேற்படி எதிருரையில் நேர்ந்த பிழை எனது கவனக்குறைவால் நேர்ந்தது." அதுவா. அது ஒண்ணும் இல்லை கண்ணு, கேஸுக்கு அப்பிடி ஒரு வரி வேணும். இல்லீன்னா பிழை எப்பிடி வந்துச்சு, எங்கிருந்து வந்துச்சுன்னு நோண்டிட்டே இருப்பாங்க. அதுக்கு வெசனப்படாதே. உன்ற தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். என்னையாட்டத் தெரிஞ்சவங்க யாருமே இல்லை.

எப்பிடின்னா, அந்த ஒரு மணி நேரம் கேட்டேன்னு சொன்னனே. பைலு ஒழுங்கு பண்ணறேன்னு. மாதிரி நாப்பத்தாறைத் தொறந்தேன். மொத்தம் பதினோரு எடம் சிவப்புல இருந்துச்சு. எட்டை விட்டுட்டேன். மூணை மட்டும் கறுப்பாக்கிட்டேன். "எங்கள் கடை", "முகூர்த்தப்பட்டு", அப்பறம் கடைசிப் பாராவுல கொடுமுடியான் ஜவுளி மாளிகையின் நற்பெயர். அவ்வளவுதான், மூணே கிளிக்கு. தேவகி மனுவாட்டவே என்ற மனுவப் போட்டா, பதிலுக்கு இதைத்தான் எடுப்பாங்கன்னு தெரியும். யாரு உக்காந்தாலும், "சிவப்பா இருக்கறதை மட்டும் மாத்து"ன்னுதான் தினகரன் சொல்லுவான்னும் தெரியும். அவனுக்கு அதைச் சொல்லிக் குடுத்தவளே நான்தானே! நீ எட்டு சிவப்பையும் சுத்தமா மாத்தியிருந்தே. ஒரு எழுத்துப் பிசகல. பாத்ததும் நெனச்சேன், நல்ல டைப்பிஸ்டாத்தான் புடிச்சிருக்கறாங்கன்னு.

என்ன கண்ணு? சிரிப்பு வர்ல? எனக்கு இதைச் சொல்லறதுக்கு ஒரு ஆள் இல்லாம நெஞ்சு முட்டிட்டு இருந்துச்சு.

ஏன் கண்ணாடியக் கழட்டறே?

எப்ப வாங்குனது? அன்னைக்குப் பொறவுதானா? கண்ணு தெரியாமத்தான் விட்டுட்டோம்னு ஆஸ்பத்திரிக்குப் போனியா? டாக்டர் என்ன சொன்னாரு? கண்ணாடியே வேண்டாம்னாரா? அப்பறம் எதுக்கு… ஓ. நீயா கேட்டு வாங்குனியா.

மளிகைச் சீட்டைக்கூட மூணு வாட்டி படிக்கறேங்கறே. வேற ரெண்டு ஆபீசுல கூப்புட்டும் போகலையா? ஏன் போகல? மறுக்காவும் தப்பு விட்டுருவோம்னா?

அடக் கெரகமே. நீ இப்பிடி எடுத்துக்குவேன்னு எனக்கென்ன தெரியும்? உன்ற கண்ணு நல்ல கண்ணு அம்மிணி. அதைத்தான சொல்ல வந்தேன். சந்தோசப்படு. உன்னைய நெனச்சா நான் பண்ணுனேன்? உன்ற மூஞ்சியே இன்னைக்குத்தான் பாக்கறேன். எவளோ ஒரு டைப்பிஸ்ட்டு வருவாள்னுதான் தெரியும். அவரு உன்னைய நிறுத்துவாருன்னு நான் கண்டனா? நிறுத்துனது அவரு. அநியாயம் பண்ணுனது அவரு. பழியத் தூக்கி ஊழியர் தலைல போடறது அவரு புத்தி, என்ற தலைல போட்டாப்பலயே. நம்ம ரெண்டு பேரும் ஒரே எலைல சாப்பிட்டவங்க. நீ எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி.

என்ன சொன்னே?

இல்லீங்க. அந்த அர்த்தத்துல சொல்லலீங்க. மாதிரின்னா அந்த மாதிரி இல்லீங்க.

ஏனுங், என்ன இருந்தாலும் அவரையும் என்னையும் ஒரே தட்டுல வெக்கறது நாயமில்லீங்க. அவரு உங்க மொதலாளி. நான் யாரு? நான் உங்களை வேலைக்கு வெச்சனா?

"நீங்களுந்தான் என்கிட்ட வேலை வாங்கிட்டீங்க. எனக்கே சொல்லாம"ங்கறீங்க.

சரி. சொல்லிட்டீங்க. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. வேண்டாம், இருக்கட்டும், நானே மொண்டுக்கறேன்.

வியாழக்கெழம வருவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லிருங்க.

வருவீங்க. நல்லதுங்க. உங்களை ஊழியரா வெச்சிருந்தாங்கன்னு சொல்லுவீங்க. என்ற சேர்லதான் உக்கார வெச்சாங்கன்னும் சொல்லுவீங்க. ரெண்டும் சொல்லுவீங்க. அதுக்குப் பொறவு?

அந்தச் சிவப்பையும் சொல்லுவீங்களா.

அம்மிணி, செத்த ரோசனை பண்ணுங்க. அதைச் சொன்னா என்ற கேஸு என்னத்துக்கு ஆகும்? அந்த மில்லு வக்கீலுங்க இருக்கறாங்க, டவாலி இருக்கறான், அன்னைக்குச் சிரிச்ச அத்தனை பேரும் இருப்பாங்க. சாரு இருப்பாரு. முன் பெஞ்சுல உக்காந்து என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாரு. பத்தொம்பது வருசம் அம்மிணி. ஒரு தப்பு விட்டதில்லை நானு.

கையில மாவு இருக்குது, தொடைச்சுட்டு எழுதுங்க, பேப்பர்ல ஒட்டிக்கும். பேரு போட்டாச்சுங்களா? வயசு? முப்பத்தஞ்சுங்களா. வீட்டு நம்பரும் போட்டாச்சு. அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது. சிவப்பா இருக்கறதெல்லாம் மாத்தியாச்சு. கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா நான் பஸ்ஸுக்கு…

ஆறாவது பாராவுக்கு எதுக்குங்க போறீங்க? அது கறுப்புல இருக்குதுங்க. அதை மாத்தக் கூடாதுங்க. "எனது கவனக்குறைவால்"ங்கறதை எதுக்குங்க கோடு போட்டு அடிக்கறீங்க?

மேல என்ன எழுதறீங்க.

அம்மிணி.

அது மூணு சுழிங்க. கமலவே… ணி. ரெண்டு சுழி னி போட்டிருக்கறீங்க, பாருங்க. மூணு சுழி ணி.